பதினேழாம் எண் கம்பி

தார்ச்சாலை தீர்ந்துபோகும் இடத்தில்
டயர்களின் காற்றைப் பாதிக்கு இறக்குகிறான் தில்பகதூர்.
மெசயீதின் புகைபோக்கிகள் முதுகுக்குப் பின்னால்.
முன்னால் மணல்.
அதற்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாமல், கடல்.

என் வேலை ஆண்டுக்கு இருமுறை வந்து
நாங்கள் நட்ட கம்பிகளை எண்ணுவது.
எண்ணெய்க் குழாய் போட்டவர்களுக்கு
ஒன்றே ஒன்று தெரிய வேண்டும்:
இந்த மேடு குழாய்மேல் எப்போது ஏறும்?

பதினேழாம் எண் கம்பி
முதல் டிசம்பரில் மேட்டின் காலடியில் நின்றது.
ஜூனில் இல்லை.
இரண்டு வருஷம் படிவத்தில் 'காணவில்லை' என்றே எழுதினேன்,
பிள்ளை தொலைத்தவன் போலீசில் எழுதிக் கொடுப்பதுபோல.
மூன்றாம் வருஷம்
மேட்டின் முதுகுப்பக்கம் நின்றுகொண்டிருந்தது.
அசையாமல் நின்ற இடத்திலேயே.
மேடுதான் அதைத் தாண்டிப் போயிருந்தது.
உள்ளே இருந்த வரைக்கும் சிவப்பு பெயின்ட் அப்படியே இருந்தது.
வெளியே வந்த ஒரே கோடையில் காற்று சுரண்டிவிட்டது.

இவ்வளவு பெரிய உடம்பு எப்படி நடக்கிறது?
நடப்பதில்லை.
ஷமால் அடிக்கும்போது குனிந்து பார்த்தேன்:
ஒரு மணல் துள்ளி விழுகிறது,
விழுந்த அடியில் இன்னொன்று துள்ளுகிறது.
முழங்காலுக்கு மேல் எழும்பாத ஒரு சலசலப்பு
சரிவில் ஏறி, உச்சிக்கு வந்து,
அந்தப் பக்கம் நிழலில் விழுகிறது.
அங்கே முப்பத்துநாலு டிகிரி.
அதற்குமேல் ஒரு பொட்டு கூடினாலும்
மொத்த முகமும் சரியும்.
தில்பகதூர் அதில் உட்கார்ந்து சறுக்குவான்;
உள்ளிருந்து மேடு
தூரத்து விமானம்போல முனகும்.
இருவரும் கொஞ்சநேரம் பேசாமலிருப்போம்.

ஓரங்களில் மணல் குறைவு. அவை முந்தி ஓடுகின்றன.
கனத்த நடுப்பகுதி பின்தங்குகிறது.
அதனால்தான் பிறை.

'பொருளின் வகை' என்று படிவத்தில் ஒரு கட்டம்.
எக்கர் என்று எழுத ஆசை.
'தடை' என்று எழுதுகிறேன்.

ஆறு வருஷத்தில் ஏறும் என்று கணக்கு கொடுத்தேன்.
ஏறி, அடுத்த நாலு வருஷத்தில்
இறங்கிப் போய்விடும் என்றும் எழுதினேன்.
இரண்டாவது வரியை யாரும் படிக்கவில்லை.
ஏப்ரலில் புல்டோசர் வந்தது.
மேட்டைத் தரையோடு தேய்த்து
தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறு வருஷம் அங்கே
ஒரு உப்புச்செடி, ஒரு கிழிந்த பாதுகாப்புக் காலணி,
ஒரு ஜெனரேட்டர் மூடி.
மூன்றின் மறைவிலும் மணல் ஒதுங்கி,
மூன்று குட்டி மேடுகள்,
இடுப்பளவு உயரத்துக்குக் கொம்பு முளைத்து.
சின்னது வேகமாய்ப் போகும் என்று
நான் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால்.
இப்போது மேலாளர் ஃபரூக்கி கேட்கிறார்:
"ஒன்றுக்கு மூன்றா? யார் பொறுப்பு?"

அறிக்கையின் பின்னிணைப்பில் ஒரு பத்தி இருக்கிறது.
முகாமில் குளியலறை வரிசையில் நின்று படித்தேன்.
எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னால்
வளைகுடா வளைகுடாவாக இல்லை; காய்ந்த தரை.
இந்த மணல் அங்கிருந்து புறப்பட்டது.
பிறகு கடல் உள்ளே வந்து
வந்த வழியை மூடிவிட்டது.
வடக்கே இனி அனுப்ப எதுவுமில்லை.
இவைதான் கடைசி வண்டிகள்.

வரிசை நகர்ந்தது. சோப்பை எடுத்துக்கொண்டேன்.

இன்று கடைசிக் கம்பிக்கு அப்பால், கரை வரை போனோம்.
அங்கே ஒரு மேடு
சரிந்த முகத்தை நேராகத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறது.
மேலிருந்து உலர்ந்த மணல் வழிகிறது;
நீரைத் தொட்டதும் கறுத்து, கனத்து, நின்றுவிடுகிறது.
அதன்மேல் அடுத்தது.
பக்கத்தில் முன்னமே போன மேடுகள்
உப்பேறி இறுகி, தட்டையாய், வெள்ளையாய்,
யாரும் மேடென்று சொல்லாத நிலமாய்க் கிடக்கின்றன.
கரை கொஞ்சம் கிழக்கே தள்ளியிருக்கிறது.
போன வரைபடம் தப்பு.

வாளியளவு மணல் சரிந்தது.
ஒரு சின்ன மீன் விலகி, திரும்பி வந்தது.

படிவத்தை எடுத்தேன்.
கம்பி எண்: இல்லை.
தூரம்: இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் பேனாவை வைத்து யோசித்தேன்.
தில்பகதூர் டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்திருந்தான்.